31ஆம் நாள் எந்தத் திகதி?

வழக்கமாகக் கவிதையும் நாவலும் பேசப்படுகிற இந்த இணையவழிச் சந்திப்பில் கணினி நிரல் பற்றிப் பேச இடம் தந்த ஏற்பாட்டாளர்களுக்கு நன்றி. ரொறன்ரோவில் இப்போது சனிக்கிழமை காலை 10 மணி. யாழ்ப்பாணத்திலிருந்து இணைந்திருப்பவர்களுக்கு இரவு 8:30. சிட்னியில் யாராவது நித்திரை முழித்துக் கேட்டுக்கொண்டிருந்தால் அவருக்கு ஞாயிறு அதிகாலை 2 மணி. இந்த உரை எந்தத் திகதியில் நடந்தது என்று பிறகு யாராவது கேட்டால், நம்மிடம் ஒரே பதில் இருக்காது. நான் பேச வந்த விடயமும் அதுதான்.

ஸ்காபரோவில் வியாழன் மாலைகளில் சிலருக்கு நிரல் எழுதக் கற்றுக்கொடுக்கிறேன். பதினைந்து வயதுப் பிள்ளைகளும் வருகிறார்கள், ஓய்வூதியம் எடுப்பவர்களும் வருகிறார்கள். நிரல்மொழி பைதன், வகுப்பு மொழி தமிழ். மூன்றாவது வாரத்தில் ஒரு பயிற்சி வரும்: ஒரு திகதியைக் கொடுத்து, அதிலிருந்து தொடர்ச்சியாக இத்தனை நாட்களை அச்சிடச் சொல்ல வேண்டும். ஆரம்ப வகுப்புகளில் எங்கும் இருக்கிற பயிற்சிதான். இளையவர்கள் பரீட்சைக்கு எத்தனை நாள் என்று எண்ணிப் பார்ப்பார்கள். வயதானவர்களிடம் ஏதாவது ஒரு உதாரணம் சொல்லுங்கள் என்றால், அநேகமாக வருவது அந்தியேட்டி. 31ஆம் நாள்.

இந்த உதாரணம் நான் தேடிப் பிடித்ததல்ல. ஆனால் இதைவிட நல்லது இன்னும் எனக்குக் கிடைக்கவில்லை. பைதனில் ஒரு திகதியோடு நாட்களைக் கூட்டலாம். அதற்கு டைம்டெல்டா என்று ஒரு கருவி இருக்கிறது. இத்தனை நாள் இடைவெளி என்று சொன்னால் போதும். மாணவர்கள் இறந்த திகதியோடு 31ஐக் கூட்டுவார்கள். வருகிற விடை ஒரு நாள் பிந்தியது. எங்கள் வழக்கத்தில் உயிர் பிரிந்த நாளே முதலாம் நாள். ஆகவே 31ஆம் நாளுக்குக் கூட்ட வேண்டியது 30. எட்டாம் நாளுக்கு 7. நாளின் எண் வேறு, இடைவெளி வேறு.

கணினி தன் எண்ணிக்கையைப் பூச்சியத்தில் தொடங்கும். ஃபோர் என்ற சுழற்சியில் 31 தடவை சுற்று என்றால் அது 0 முதல் 30 வரை போகும். முதல் சுற்றில் பூச்சியத்தைக் கூட்டுகிறது, அதாவது இறந்த நாளையே அச்சிடுகிறது. கடைசிச் சுற்றில் 30ஐக் கூட்டுகிறது. பட்டியலில் 31 வரிகள், கடைசி வரி அந்தியேட்டி. பூச்சியத்திலிருந்து எண்ணுவது ஏன் என்று பிள்ளைகளுக்கு விளங்கவைக்க நான் படுகிற பாட்டை, துடக்கு நாள் எண்ணிப் பழகிய ஒரு ஐயா இரண்டு நிமிடத்தில் முடித்துவிட்டார். "செத்த அண்டைக்கு ஒண்டும் கழியேல்லை, அதுதான் சைபர். ஆனா நாள் ஒண்டு" என்றார். நிரலாக்கப் புத்தகங்களில் வேலிக் கம்பங்களை வைத்து இதையே விளக்குவார்கள். வேலி யாழ்ப்பாணத்துக்குப் பொருத்தமான உதாரணம்தான், ஆனாலும் ஐயாவுடையது நன்றாகப் பதிகிறது.

நாட்களைக் கூட்டலாம், மாதங்களை அப்படிக் கூட்ட முடியாது. டைம்டெல்டாவுக்கு வாரம் தெரியும், நாள் தெரியும், மாதம் தெரியாது. மாதத்துக்கு நிலையான நீளம் இல்லை என்பதால் செய்த நியாயமான தவிர்ப்பு அது. ஜனவரி 31இலிருந்து ஒரு மாதம் கழித்து எந்த நாள்? வாடகை கேட்கிறவர் ஒன்று சொல்வார், வங்கி இன்னொன்று சொல்லும். 2024 ஜனவரி 31ஓடு 30 நாட்களைக் கூட்டினால் மார்ச் 1 வருகிறது. பெப்ரவரி முழுவதும் காணாமல் போய்விடும். மாசியத்துக்குப் பட்டியல் போட முடியுமா என்று கேட்பவர்களிடம் இந்தக் கருவியால் முடியாது என்று சொல்லிவிடுவேன். அது திதியின் கணக்கு. ஒரு திதி ஏறத்தாழ 19 மணித்தியாலத்திலிருந்து 26 மணித்தியாலம் வரை நீளும், சந்திரன் இருக்கிற இடத்தைப் பொறுத்தது. அதற்குப் பஞ்சாங்கம் வேண்டும். எந்தப் பஞ்சாங்கம், வாக்கியமா திருக்கணிதமா என்று அடுத்த சண்டை அங்கே தொடங்கும். நான் அதற்குள் போவதில்லை.

பட்டியல் வந்த பிறகு அதை எப்படி எழுதிக் காட்டுவது என்பது அடுத்த பாடம். பைதனுக்குள் திகதி என்பது கடைசியில் ஒரு எண்தான். கிறிஸ்து ஆண்டு 1, ஜனவரி 1ஐ ஒன்று என்று வைத்து எண்ணிக்கொண்டு வருகிறது. 1981 ஜூன் 1 அந்தக் கணக்கில் 723332ஆவது நாள், ஒரு திங்கட்கிழமை. யாழ்ப்பாண நூலகம் எரிந்த நாட்களில் ஒன்று என்பதால் வகுப்பில் யாராவது எப்போதும் இந்தத் திகதியை எடுப்பார்கள். 01/06/1981 என்று தட்டுவார்கள். வாசிக்கும் நிரலில் மாதத்தை முன்னும் நாளைப் பின்னும் வைத்துவிட்டால், கணினி அதை ஜனவரி 6 என்று எடுத்துக்கொள்ளும். பிழை என்று சொல்லாது, சிவப்பு எழுத்து வராது. 723186 என்று 146 நாட்கள் முந்திய ஒரு செவ்வாய்க்கிழமையைப் பேசாமல் தந்துவிடும். 12ஆம் திகதிக்குப் பிறகு என்றால் மாதம் பதின்மூன்றா என்று அது முரண்டு பிடித்திருக்கும். ஒவ்வொரு மாதத்திலும் முதல் 12 நாட்கள்தான் ஆபத்தான நாட்கள்.

கனடாவில் வாழ்கிறவர்களுக்கு இது புதிதல்ல. பிரித்தானிய வழக்கமும் அமெரிக்க வழக்கமும் இங்கே ஒரே மேசையில் கிடக்கின்றன. காசோலையில் திகதிப் பெட்டிகளுக்குக் கீழே எது நாள், எது மாதம் என்று குட்டி எழுத்துக்களில் அச்சடித்திருப்பது அதனால்தான். ஒன்ராறியோ சாரதி அனுமதிப்பத்திரம் ஆண்டில் தொடங்குகிறது. எனக்குப் பிடித்தது உணவுப் பொதிகளில் இருக்கிற முறை. ஆங்கிலத்துக்கும் பிரெஞ்சுக்கும் பொதுவாக, மாதத்துக்கு இரண்டே எழுத்து: எம்.ஆர். என்றால் மார்ச், எம்.ஏ. என்றால் மே, ஏ.எல். என்றால் ஏப்ரல். இரண்டு மொழிப் பெயர்களிலும் இருக்கிற எழுத்துக்களைப் பொறுக்கி எடுத்திருக்கிறார்கள்.

திகதியை எழுத்தாக்கும் கருவிக்கு ஸ்ட்ரெஃப்டைம் என்று பெயர். விழுக்காட்டுக் குறிக்குப் பின்னால் சிறிய எம் போட்டால் மாதம், பெரிய எம் போட்டால் நிமிடம். வருடத்துக்கு ஒருமுறையாவது வகுப்பில் 2024-00-15 என்று ஒரு திகதி பிறந்துவிடும். நான் மாணவர்களிடம் வற்புறுத்துவது ஒன்றுதான்: சேமிக்கும்போது ஆண்டு, மாதம், நாள் என்ற வரிசையில், ஒற்றை இலக்கத்துக்கு முன்னால் பூச்சியம் போட்டு எழுதுங்கள். 1988இல் வந்த ஐ.எஸ்.ஓ. 8601 என்ற தரம் சொல்வது அந்த வரிசையை. அப்படி எழுதினால், வெறும் எழுத்துக்களாக நினைத்து அடுக்கினாலும் காலவரிசை குலையாது. மனிதருக்குக் காட்டும்போது மனிதருக்கு ஏற்றபடி மாற்றிக்கொள்ளலாம்.

அந்த மனிதர் தமிழர் என்றால்? கணினியிடம் தமிழில் மாதம் கேட்டால் பெரும்பாலும் பிப்ரவரி, ஆகஸ்ட், அக்டோபர் என்று தரும். எங்கள் பிள்ளைகள் வீட்டில் கேட்பது பெப்ரவரி, ஓகஸ்ட், ஒக்டோபர். இது சின்ன விடயம். பன்னிரண்டு பெயர்களை நாமே ஒரு பட்டியலாக எழுதி, மாத எண்ணைக் கொண்டு எடுத்துக்கொள்ளலாம். அந்தப் பட்டியலை எழுதச் சொன்னபோதுதான் ஒரு மாணவி தை, மாசி, பங்குனி என்று எழுதினாள். ஈழத்தில் ஜனவரிக்குத் தை என்றும், ஜூலைக்கு ஆடி என்றும், நவம்பருக்குக் கார்த்திகை என்றும் சொல்லும் வழக்கம் இருக்கிறது. கார்த்திகை 27 என்றால் எங்களுக்கு நவம்பர் 27. தமிழ்நாட்டிலிருந்து வந்த இன்னொரு மாணவருக்கு இது ஏற்கவே முடியவில்லை. அவருக்கு ஆடி முதலாம் நாள் ஜூலை நடுவில் பிறக்கிறது, சூரியன் கடக ராசிக்குள் போகும்போது. ஆடி 10 என்று ஒரு பழைய கடிதத்தில் இருந்தால் அது ஜூலை 10ஆ, ஜூலை 26 அளவிலா? எழுதியவர் எந்த ஊர், கோயில் அலுவலாக எழுதினாரா, பள்ளிக்கூட அலுவலாக எழுதினாரா என்று தெரியாமல் சொல்ல முடியாது. நூலகங்களுக்காகப் பழைய கடிதங்களையும் நினைவு மலர்களையும் எண்மப்படுத்துகிறவர்கள் இந்தக் கூட்டத்தில் இருப்பீர்கள். தயவுசெய்து மூலத்தில் இருந்த எழுத்தை ஒரு பத்தியிலும், நீங்கள் விளங்கிக்கொண்ட திகதியை வேறொரு பத்தியிலும் வையுங்கள். மாற்றி எழுதி மூலத்தை அழித்துவிட்டால் பிறகு யாராலும் மீட்க முடியாது.

இனி நேரத்துக்கு வருகிறேன், ஏனென்றால் நாள் எங்கே முடிகிறது என்று தெரியாமல் திகதி இல்லை. இதில் ரொறன்ரோவுக்கு ஒரு பங்கு உண்டு. சான்ட்ஃபோர்ட் ஃபிளெமிங் என்ற ரயில்வேப் பொறியியலாளர் உலகம் முழுவதையும் 24 நேர வலயங்களாகப் பிரிக்கும் யோசனையை 1879இல் இந்த நகரத்தின் கனடிய இன்ஸ்டிடியூட்டில்தான் முன்வைத்தார். 1884இல் வாஷிங்டன் மாநாடு கிரீன்விச்சை முதன்மை நெடுங்கோடாக ஏற்றது. இன்று கணினிகள் நம்பியிருப்பது நேர வலயத் தரவுத்தளம் என்ற ஒரு பொதுக் கோப்பை. எந்த ஊரில், எந்த ஆண்டில், கடிகாரம் எப்படி ஓடியது என்பதெல்லாம் அதில் இருக்கிறது. இலங்கைக்கு அதில் ஒரே பெயர்: ஆசியா, கொழும்பு.

இலங்கை 1996 மே மாதம் கடிகாரத்தை ஒரு மணித்தியாலம் முன்னே தள்ளியது. அதே ஆண்டு ஒக்டோபரில் அரை மணித்தியாலம் பின்னே எடுத்தது. 2006 ஏப்ரலில்தான் பழைய ஐந்தரைக்குத் திரும்பியது. புலிகளின் கட்டுப்பாட்டில் இருந்த பகுதிகள் இந்த மாற்றங்களை ஏற்கவில்லை; அங்கே பழைய நேரமே ஓடியது. ஆகவே ஏறத்தாழ பத்து ஆண்டுகள் வன்னிக்கும் கொழும்புக்கும் அரை மணித்தியால வித்தியாசம். தரவுத்தளத்தில் வன்னிக்குத் தனி வலயம் கிடையாது. ஆனால் அந்தக் கோப்பைத் திறந்து பார்த்தால், கணினி வாசிக்காத குறிப்பு வரிகளுக்குள், தமிழர் கட்டுப்பாட்டுப் பகுதிகளில் வாழ்கிறவர்கள் கொல்கத்தா வலயத்தைப் பயன்படுத்தலாம் என்று 2006இல் எழுதி வைத்திருக்கிறார்கள். உலகத்துக் கணினிகளில் வன்னி நேரத்துக்கு இருக்கிற இடம் அந்தக் குறிப்பு மட்டும்தான். அதைக் கண்ட அன்று நான் கொஞ்ச நேரம் வேறு வேலை செய்யவில்லை.

வகுப்பில் ஒரு அக்கா இருக்கிறார். அவருடைய தகப்பனார் 2003 மார்ச்சில் கிளிநொச்சிப் பக்கத்தில் காலமானார். பக்கத்தில் இருந்தவர்கள் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தபோது இரவு 11:40, மார்ச் 12. அதே கணம் கொழும்பில் 12:10, மார்ச் 13. ரொறன்ரோவில் 12ஆம் திகதி பிற்பகல் 1:10. திதிக்கு இதில் பிரச்சினை இல்லை. சந்திரன் கடிகாரம் பார்ப்பதில்லை. நினைவஞ்சலியில் போடுகிற திகதிதான் பிரச்சினை. வெள்ளவத்தையில் இருந்த தம்பி 13 என்றே எல்லாருக்கும் சொல்லிவிட்டார். அந்தியேட்டி ஏப்ரல் 11 வெள்ளியா, 12 சனியா என்று அப்போதே தொலைபேசியில் மனத்தாங்கல். இத்தனை வருடங்களுக்குப் பிறகு அக்கா வகுப்பில் இருந்து, அந்த ஒரு கணத்தைக் கொழும்பு வலயத்திலும் கொல்கத்தா வலயத்திலும் அச்சிட்டுப் பார்த்தார். இரண்டு வரிகள், இரண்டு திகதிகள். "அப்ப இரண்டு பேரும் பொய் சொல்லேல்லை" என்றார்.

பிறகு 2003 முதல் இந்த ஆண்டு வரை நினைவு நாட்களின் பட்டியலை ஒரு சுழற்சியில் எடுத்தார். பத்திகள் இரண்டு. கணினி தருகிற கொல்கத்தா என்ற பெயரை அவர் தலைப்பில் விடவில்லை. அதை அழித்து வன்னி நேரம் என்று தட்டச்சு செய்தார், மற்றதற்குக் கொழும்பு நேரம். அந்தத் தாளைத் தம்பிக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பினார். தம்பி இன்னும் 13ஆம் திகதிதான் விளக்கேற்றுகிறார், அக்கா 12ஆம் திகதி. நிரலைக் கேட்கிறவர்களுக்கு அனுப்பிவைக்கிறேன். பெரிதாக ஒன்றுமில்லை, பன்னிரண்டு வரிதான்.