வயிற்றுவலியும் குடலடைப்பும்
(ஜமாஅத் மருத்துவ விழிப்புணர்வுக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



வயிறு வலித்தால் 'வாயு' என்று சொல்லிச் சோடாவும் ஓமநீரும் கொடுப்பது நம் வழக்கம். மலம் போகாவிடில் விளக்கெண்ணெயும் கொடுக்கிறோம். பெரும்பாலான வலிகள் தாமே அடங்கிவிடும். குடலடைப்போ, காத்திருந்தால் உயிரைப் பறிக்கும் நோயாகும்.

அதன் குறிகள் நான்கு: விட்டுவிட்டு முறுக்கும் வலி, வாந்தி, வயிற்று உப்பல், மலமும் காற்றும் பிரியாமை. நான்கும் சேர்ந்து வரும்வரை பொறுத்திருத்தல் கூடாது. அடைப்பு மேற்குடலில் இருந்தால் வாந்தி முந்தும். பெருங்குடலில் இருந்தால் உப்பல் முந்தும். வலி ஓயாமல் நீடித்துக் காய்ச்சலும் சேருமானால், குடலுக்கு இரத்த ஓட்டம் தடைபட்டிருக்கலாம். அந்நிலையில் சில மணி நேரத்திலேயே குடல் அழுகத் தொடங்கும்.

முன்பு செய்த வயிற்று அறுவை சிகிச்சையால் உண்டாகும் ஒட்டுகள், குடலிறக்கம், கட்டி, குடல் முறுக்கு ஆகியவை முக்கியக் காரணங்கள். பாரம் தூக்கும் நம் மீனவச் சகோதரர்கள் தொடையிடுக்கு வீக்கத்தைப் பொருட்படுத்துவதில்லை. தாய்மார்கள் நாணத்தால் மறைக்கின்றனர். ஆனால் ஆண்களைவிடப் பெண்களுக்கே மிகுதியாக வரும் தொடைக் குடலிறக்கம் எளிதில் சிக்கி இறுகக்கூடியது. உள்ளே போய் வந்த வீக்கம் போகாமல் கெட்டிப்பட்டு வலித்தால், அழுத்தித் தள்ளாமல் உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். கைக்குழந்தை விட்டுவிட்டு வீறிட்டழுது, கால்களை மடக்கி, இரத்தமும் சளியுமாக மலம் கழித்தால் அது குடல் செருகலாக இருக்கலாம்.

இத்தகைய வேளையில் பேதி மருந்தோ உணவோ கொடுக்கலாகாது. 108-ஐ அழையுங்கள்; பழைய சிகிச்சைச் சீட்டுகளையும் காப்பீட்டு அட்டையையும் எடுத்துச் செல்லுங்கள். பாம்பன் சாலைப் பாலம் திறக்கப்பட்ட 1988-க்கு முன் இராமேசுவரத்து மக்கள் ரயிலையே நம்பியிருந்தனர். இன்று சாலை உண்டு. எனினும் இராமநாதபுரம் சென்றுசேர ஏறத்தாழ 55 கிலோமீட்டர் கடக்க வேண்டும். எனவே நாம் வீட்டில் வீணாக்கும் நேரமே பேரிழப்பாகும்.

'போனால் வயிற்றைக் கிழித்துவிடுவார்கள்' என்னும் அச்சமும் தாமதத்திற்குக் காரணம். உண்மையில், நரம்பு வழியே நீரேற்றி, மூக்கு வழியே குழாய் செலுத்தி வயிற்றின் தேக்கத்தை வெளியேற்றினாலே ஒட்டுகளால் வந்த அடைப்புகள் பல அறுவையின்றி விலகிவிடும். குழந்தையின் குடல் செருகலையும் பெரும்பாலும் ஆசனவாய் வழியே காற்றோ நீரோ செலுத்திச் சரிசெய்துவிடலாம். தாமதித்து வருவோருக்கே பெரிய அறுவை தேவைப்படும் வாய்ப்பு மிகுதி.

இச்செய்தியை மஹல்லாவின் ஒவ்வொரு வீட்டிற்கும், குறிப்பாகத் தாய்மார்களுக்கு, எடுத்துச் சொல்வோமாக.