விலகல் கடிதமும் ஒரு பாடமே

(குறுவள மையக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



விடுப்பு விண்ணப்பம் எழுதக் கற்றுத் தருகிறோம். பணி விலகல் கடிதம் எழுதக் கற்றுத் தருகிறோமா?

மாமல்லபுரத்தில் ஒரு விடுதியில் வேலை பார்த்த என் பழைய மாணவன், மேலாளரோடு மனக்கசப்பு வந்ததும் மறுநாளே நின்றுவிட்டான். மறைமலைநகரில் புதிய வேலை கிடைத்தது. பணி விடுவிப்புச் சான்று கேட்டார்கள். "போன்ல சொல்லிட்டுதான் சார் வந்தேன்" என்றான். சொன்னதற்கு எழுத்துச் சான்று ஏது? பிறகு கடிதம் கொடுத்துச் சான்று பெறுவதற்குள் அந்த வேலை கைநழுவியது. பத்தாம் வகுப்பில் கடிதப் பகுதிக்கு முழு மதிப்பெண் வாங்கியவன் அவன்!

1920-இல் ஐ.சி.எஸ். தேர்வில் நான்காமிடம் பெற்ற சுபாஷ் சந்திர போஸ், 22.04.1921 அன்று இந்தியாவுக்கான பிரிட்டிஷ் அமைச்சர் மாண்டேகுவுக்கு விலகல் கடிதம் எழுதினார். ஆட்சியையே எதிர்த்து விலகியவர். ஆனால், கடிதத்தில் வசை இல்லை. பட்டியலிலிருந்து பெயரை நீக்கக் கேட்டார்; பெற்ற 100 பவுண்டு உதவித்தொகையைத் திருப்பித் தருவதாகத் தெரிவித்தார். சில வரிகள்தான்.

நம் மாணவர்களுக்கும் அதுவே போதும். பதவி, பணியாளர் எண், நியமன ஆணையில் உள்ள முன்னறிவிப்புக் காலம், விலகும் நாள், ஒப்படைக்கும் பொருள்கள், நிலுவைச் சம்பளமும் பணிச்சான்றும் கோரல், ஒரு நன்றி. கோபத்துக்கு அங்கே இடமில்லை. நகலில் பெற்றுக்கொண்டதற்கான கையொப்பம் வாங்க வேண்டும். வருங்கால வைப்பு நிதிக் கணக்கில் விலகிய நாள் பதிவாகியுள்ளதா என்றும் பார்க்கச் சொல்லுங்கள்.

அடுத்த கடிதப் பாடத்தில் இதையும் ஒருமுறை எழுத வையுங்கள்.