முகவரி ஏடுகளின் முரண்பாடு
(அலுவலர் பயிற்சி வகுப்பொன்றில் நிகழ்த்திய உரை)



நாடாளுமன்றக் கேள்வி ஒன்றுக்கு விவரம் கோரி ஓர் அமைச்சகம் மின்னஞ்சல் அனுப்புவதாகக் கொள்வோம். முகவரி ஏட்டில் பெயர் உள்ளது. ஆனால் அப்பெயருக்குரியவர் ஆறு திங்களுக்கு முன்பே மாற்றலாகிச் சென்றுவிட்டார். கடிதம் திரும்பி வந்தாலாவது தவறு தெரியவரும். திரும்பாமல் பழைய பெட்டியிலேயே தங்கிவிடுமாயின், கெடு கடந்த பின்னரே அது வெளிப்படும். நிதி விடுவிப்பு ஆணைக்கும் புயல் எச்சரிக்கைக்கும் இதே கதி நேரக்கூடும். ஆகவே முகவரி ஏட்டைக் கணிப்பொறிப் பிரிவின் பொறுப்பென்று ஒதுக்கிவிட இயலாது.

ஓர் அலுவலகம் ஒரு மின்னஞ்சல் அமைப்பிலிருந்து மற்றொன்றுக்கு மாறும்போது, அம்மாற்றம் ஓரிரவில் முடிவதில்லை. பல மாதங்கள் இரண்டும் அருகருகே இயங்குகின்றன. ஒவ்வொன்றுக்கும் தனித்தனி ஏடு. இடையில் ஒன்றைப் பார்த்து மற்றொன்றைத் திருத்தும் ஒத்திசைவு நிரல். தொல்லைகள் பெரும்பாலும் இங்குதான் தோன்றுகின்றன.

ஏடுகளுக்கான எக்ஸ்.500 என்னும் அனைத்துலகத் தரம் 1988-ல் வகுக்கப்பட்டது. அதனை எளிதில் அணுகுவதற்காக மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் உருவான எல்.டி.ஏ.பி. நெறிமுறை 1993-ல் வெளியாயிற்று. அதன் மூன்றாம் பதிப்பு 1997-ல் வந்தது. இந்நெறிமுறை ஏட்டைப் படிக்கவும் எழுதவும் வழி கூறுகிறதேயன்றி, இரண்டு ஏடுகள் முரண்பட்டால் எது சரி என்று தீர்ப்புக் கூறுவதில்லை. அத்தீர்ப்பு நிர்வாகத்தினுடையது. பதவி, பிரிவு ஆகியவற்றுக்குப் பணியாளர் பதிவேடு மூலமா? தொலைபேசி எண்ணுக்கு எது மூலம்? ஒவ்வொரு புலத்துக்கும் இதனை எழுத்தில் வரையறுக்காத அலுவலகத்தில், நிரல் பிழையின்றி இயங்கிக்கொண்டே தவறான விவரத்தைப் பரப்பிக்கொண்டிருக்கும்.

குறை ஒன்று தெரிவிக்கப்பட்டவுடன் ஒத்திசைவு முழுவதையும் மீண்டும் இயக்கிப் பார்ப்பது பலரது வழக்கம். இது தடயத்தை அழிப்பதாகும். காணாமற்போன ஒரே ஒரு பதிவை எடுத்துக்கொண்டு அதன் வழியே நடந்து செல்வதே நலம். முதலில், அதே பெயரை இணைய உலாவி வழியாகத் தேடிப் பார்க்க வேண்டும். அங்கு இருந்து, மேசைக் கணிப்பொறியில் மட்டும் இல்லையெனில், ஒத்திசைவில் பழுதில்லை. அவுட்லுக் போன்ற நிரல்கள் ஏட்டின் படியொன்றைத் தம்மிடம் வைத்துக்கொண்டு, நாளுக்கு ஒருமுறை அளவிலேயே புதுப்பிக்கின்றன. உலாவியிலும் இல்லையெனில் மூல ஏட்டுக்குச் செல்ல வேண்டும்: பதிவு அங்கு உள்ளதா, வடிகட்டியின் எல்லைக்குள் அடங்குகிறதா, பட்டியலில் மறைக்கப்பட்டுள்ளதா, அதே முகவரி வேறொரு பதிவில் ஏற்கெனவே இடம்பெற்றிருப்பதால் மறுக்கப்பட்டதா? மாற்றலுக்கு முன் வெளித்தொடர்பாகச் சேர்த்துவைத்த பழைய பதிவே புதிய அஞ்சற்பெட்டியின் வழியை அடைத்து நிற்பதுண்டு.

ஒரே மனிதரின் இரு பதிவுகளை இணைக்கும் திறவுகோல் எது என்பதும் பெரிய வினா. பெயர் அதற்கு உதவாது. நம் நாட்டில் ஒரே பெயர் ஆங்கில எழுத்தில் மூன்று வகையாக எழுதப்படுகிறது. தலைப்பெழுத்து முன்னும் வரும், பின்னும் வரும். மின்னஞ்சல் முகவரியும் மாறக்கூடியதே. இந்திய அரசு 2015-ல் வெளியிட்ட மின்னஞ்சல் கொள்கை, பெயர்வழி முகவரி, பதவிவழி முகவரி என இரண்டையும் ஏற்றது. பதவி முகவரி நாற்காலிக்கு உரியது, அமர்பவர் மாறுவார். அதனைத் திறவுகோலாக்கினால் முன்னவரின் விவரம் பின்னவர்மேல் ஏறிவிடும். மாறாத பணியாளர் எண் போன்ற ஒன்றே இதற்குத் தக்கது.

இருவழி ஒத்திசைவில் இன்னொரு விந்தை உண்டு. முதல் ஏட்டிலிருந்து சென்ற பெயர், இரண்டாவதிலிருந்து புதிய பெயராகத் திரும்பி வந்து இரட்டிக்கிறது. இறக்குமதியான பதிவு ஒவ்வொன்றிலும் அதன் பிறப்பிடத்தைக் குறித்து, அக்குறியுள்ளவற்றைத் திருப்பி அனுப்பாமல் தடுத்தால் இது நிற்கும்.

முகவரி முற்றிலும் சரியாக இருந்தும், பழைய கடிதத்துக்கு எழுதும் பதில் மட்டும் 5.1.1 என்னும் குறியுடன் திரும்புவதையும் கண்டிருப்பீர்கள். எக்ஸ்சேஞ்ச் அமைப்பு, தன் நிறுவனத்துக்குள் நடக்கும் அஞ்சலுக்கு நாம் அறிந்த முகவரியை அல்லாது எக்ஸ்.500 வடிவிலான உள்முகவரியொன்றையே கையாள்கிறது. பெட்டியை நீக்கிப் புதிதாக அமைத்தால் அவ்வுள்முகவரி மாறிவிடுகிறது; பழைய கடிதங்களும், பெயரைத் தட்டும்போது தானே தோன்றும் நினைவுப் பட்டியலும் முந்தையதையே பற்றிக்கொண்டுள்ளன. பழைய உள்முகவரியைப் புதிய பெட்டிக்குத் துணைமுகவரியாகச் சேர்த்தால் குறை தீரும். ஒவ்வொருவரிடமும் சென்று நினைவுப் பட்டியலை அழிக்கச் சொல்வது வீண் உழைப்பு.

எல்லாவற்றினும் அஞ்சத்தக்கது நீக்கம். வடிகட்டியில் ஒரு பிரிவின் பெயரை யாரேனும் மாற்றிவிட்டால், அப்பிரிவினர் அனைவரும் பணியில் இல்லாதவர்களாக நிரலுக்குத் தோன்றுவர். மறுமுனையில் அவர்கள் துடைத்தெறியப்படுவர். மைக்ரோசாஃப்டின் என்ட்ரா கனெக்ட் நிரல் இயல்பாக 30 நிமிடங்களுக்கு ஒருமுறை இயங்குகிறது. ஒரே சுற்றில் 500-க்கு மேற்பட்ட நீக்கங்கள் வருமாயின் அவற்றை அனுப்பாமல் நிறுத்திவைக்கிறது. 200 பேர் கொண்ட அலுவலகத்துக்கு அந்த 500 எவ்விதக் காவலும் ஆகாது. எனவே வரம்பைத் தத்தம் அலுவலகத்தின் அளவுக்கேற்பக் குறைத்துக்கொள்ள வேண்டும். வரம்பு தாண்டி நிரல் நின்றால், நீக்கப்படவிருக்கும் பெயர்களைப் பணியாளர் பிரிவு சரிபார்த்து ஒப்பமிட்ட பின்னரே தடையை விலக்க வேண்டும்.