நகரத்துச் சித்திரமும் வியாபார மார்க்கும்

(சங்கத்து வருஷாந்தரக் கூட்டத்தில் ஓர் அங்கத்தினர் நிகழ்த்திய பிரசங்கம்)



சிங்கப்பூர் நகரத்தின் காட்சிகளை ஆதாரமாகக் கொண்டு துணிகளுக்கு ஒரு புது மார்க்கு உண்டாக்கிய விவரத்தைச் சொல்லும்படி காரியதரிசியவர்கள் கட்டளையிட்டார்கள். யான் பேச்சாளன் அல்லேன். கண்டதையும் பட்டதையும் சொல்லுகிறேன்.

அந்நகரத்தில் சீனர் கடைகள் நிறைந்த சௌத் பிரிட்ஜ் சாலையில் 1827-ஆம் ஆண்டில் தோன்றிய மாரியம்மன் கோயில் இருக்கிறது. அதற்கு மிக அண்மையிலேயே, நம் கரையிலிருந்து சென்ற சூலியா முஸ்லிம்கள் 1826-இல் நிறுவிய ஜாமியா பள்ளிவாசலின் இரட்டை மினார்கள் நிற்கின்றன. ஒரு வீதியில் இத்தனை வடிவங்கள் இருந்தால் சித்திரக்காரனுக்கு என்ன குறை? எல்லாவற்றையும் அள்ளி ஒரு துணியில் அச்சடித்துவிடலாம் என்றே முதலில் யானும் எண்ணினேன்.

கூன் செங் சாலைக் கடைவீடுகளின் சுவர்களில் பூப்போட்ட பளிங்கோடுகள் பதித்திருக்கின்றன. சீன வமிசத்தாராயினும் மலாய் மொழியையும் உடையையும் தழுவிக்கொண்ட பெரனாக்கர் விரும்பிய ஓடுகள் அவை. ஆனால் அவ்வகை ஓடுகள் இங்கிலாந்திலும் பெல்ஜியத்திலும், பின்னர் ஜப்பானிலும் செய்யப்பட்டுக் கப்பலில் வந்தவை! பொறுக்கியெடுத்ததும் சேர்த்து அமைத்ததுமே அவ்வூராரின் கைவண்ணம். 2010-ஆம் ஆண்டில் பிரிசில்லா சண்முகம் என்னும் பெண்மணி தொடங்கிய ‘ஓங் சண்முகம்’ என்ற உடை மார்க்கைப் பாருங்கள். சீனத் தாயின் குடும்பப் பெயரும் இந்தியத் தந்தையின் பெயரும் சேர்ந்த பெயர் அது. சீனரின் சியோங்சாம் உடையை பாத்திக் முதலிய பிற நாட்டுத் துணிகளிலும் அவர் தைத்தார். அவர் கலந்தது தம் வீட்டில் தாம் கண்டதை.

எங்களுக்கோ அவ்வறிவு இல்லை. என் மகள் அவ்வோட்டுப் பூவை நீலமும் வெள்ளையுமாக வெகு அழகாக வரைந்தாள். அவள் வரைந்து விலைக்கு வந்த முதற் சித்திரம் அதுவே. கலியாணப் பரிசுக்கென்று இருநூறு மேசைவிரிப்புகள் அச்சிட்டோம். கடைக்கு வந்த ஒரு பெரனாக்க மூதாட்டி விரிப்பைத் தடவிப் பார்த்து, “யார் இறந்துபோனார்கள்?” என்று கேட்டார். நீலமும் வெள்ளையும் அவர்களிடையே துக்கம் காக்கும் நாளுக்குரிய நிறங்களாம்! மங்கல காரியங்களுக்கு இளஞ்சிவப்பும் பச்சையும் மஞ்சளும் தீட்டிய பீங்கானையே அவர்கள் எடுப்பார்கள். யான் விற்றதை விற்றுவிடலாம் என்றேன். வாங்குகிறவர்களில் பாதிப்பேருக்கு இது தெரியாதே என்றும் வாதாடினேன். என் மகள் இணங்கவில்லை. கலியாணச் சீட்டுகளை யெல்லாம் கிழித்தெடுத்து, சாதாரண விரிப்பென்று விலை குறைத்து விற்றோம். நஷ்டம் என்னுடையது, வெட்கமும் என்னுடையதே. அதன்பின் அவள் அம்மூதாட்டியின் வீட்டிற்கு வாரந்தோறும் சென்று நிறங்களைக் கேட்டு எழுதிக்கொண்டாள். இன்று எங்கள் மார்க்கு நாலுபேருக்குத் தெரிகிறதென்றால் அந்த நோட்டுப் புத்தகமே காரணம்.

மார்க்கின் பெயரை ரிஜிஸ்தர் செய்வதை மறவாதீர்கள். இங்கும் அங்கும் பத்து வருஷத்திற்கொருமுறை புதுப்பிக்கவேண்டும். பெயரைக் காக்கச் சட்டம் உண்டு. பிறர் வீட்டு வழக்கத்தை அறியாமல் அச்சடித்தால் வரும் அவமானத்திற்கு அச்சட்டம் துணை வராது.

இன்னும் ஒன்று. 1932-இல் கட்டி முடித்த சுல்தான் பள்ளிவாசலின் பொற்கும்பத்தின் அடியில் ஒரு கருவளையம் தெரியும். அருகிற் சென்று பார்த்தால் அவை கண்ணாடிப் புட்டிகளின் அடிப்பாகங்கள்! ஏழைகளும் திருப்பணியிற் பங்குபெறும்பொருட்டு அவர்களிடம் பெற்றுப் பதித்தவை. அவ்வட்டங்களைப் புடவைக் கரையாக என் மகள் வரைந்திருக்கிறாள். கண்ணுக்கு அத்தனை குளிர்ச்சி. ஆயினும் இன்னும் அச்சுக்குக் கொடுக்கவில்லை. அங்கே தொழச் செல்லும் பெரியவர் ஒருவரிடம் மாதிரியைக் காட்டியிருக்கிறோம். வீட்டாரைக் கலந்து சொல்வதாகக் கூறியிருக்கிறார்.