தாயின் தட்டில் விழும் வெட்டு

(படிப்பக ஆண்டு விழாவில் ஆற்றிய சொற்பொழிவு)



"சிக்கனம்" என்று தலைப்புத் தந்திருக்கிறார்கள். பொருளியல் பட்டதாரி ஒருவரை அழைத்திருக்கலாம். கல்லூரியைப் பாதியிலே விட்டு நாடக மேடைக்கு வந்தவனை அழைத்துவிட்டார்கள். ஏட்டிலே படித்தவன் வேண்டாம், வீட்டிலே பட்டவன் போதும் என்று எண்ணினார்களோ என்னவோ!

நாட்டுக்கொரு நிதியமைச்சர் உண்டு. பற்றாக்குறை வந்தால் கடன் பத்திரம் வெளியிடுவார், வரி போடுவார். வீட்டுக்கும் ஒரு நிதியமைச்சர் உண்டு, அடுப்பங்கரையிலே இருக்கிறார். கடன் பத்திரம் அவரால் வெளியிட இயலாது. காதிலே கிடப்பதைக் கழற்றி அடகுக் கடைக்கு அனுப்பத்தான் இயலும். ஊரார் மீது வரி போட இயலாது. தம் வயிற்றின் மீதுதான் போட இயலும். போடுகிறார், தோழர்களே! எவரும் அறியாமல் போடுகிறார்!

ஆலையிலே வேலை நின்றுபோன வீடு ஒன்றை எண்ணிப் பாருங்கள். முதல் வாரம் கறி நின்றது. அடுத்த வாரம் பருப்பு இளைத்தது. மூன்றாம் வாரம் முட்டை ஒன்று குறைந்தது. யாருக்குக் குறைப்பது? வேலை தேடி அலைபவருக்குக் குறைக்கலாகாது. பள்ளி செல்லும் பிள்ளைக்குக் குறைக்கலாகாது. "எனக்கு முட்டை பிடிக்காதே!" என்றாள் தாய். எப்போதிருந்து பிடிக்காமற் போயிற்று? சென்ற மாதம் பிடித்திருந்ததே! கேட்டார்களா? கேட்கவில்லை. எல்லோரும் உண்டு கையலம்பிய பிறகு அடிச்சட்டியைச் சுரண்டுகிறாள். அது அவள் கண்ட சிக்கனத் திட்டம்!

2019-21-இல் நடந்த தேசியக் குடும்ப நல ஆய்வு கூறுகிறது: இந்தியாவில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் நூற்றுக்கு 57 பேருக்கு இரத்தச் சோகை. அதே வயது ஆண்களில் 25 பேருக்கு. தமிழ்நாட்டுப் பெண்களில் 53 பேருக்கு. இந்த வேற்றுமைக்குத் தட்டு ஒன்றே காரணம் என்று நான் சொல்லமாட்டேன். மாதந்தோறும் குருதி இழக்கும் உடல்; பிள்ளை சுமக்கும் உடல். ஆனால், அதிகம் இழக்கும் உடலுக்குக் குறைத்துப் படைப்பது எந்த ஊர் நியாயம்?

எர்ன்ஸ்ட் எங்கெல் என்றொருவர். மார்க்சின் தோழர் எங்கெல்ஸ் அல்லர், இவர் வேறு. பெல்ஜியத் தொழிலாளர் குடும்பங்களின் வரவு செலவை ஆராய்ந்து 1857-இல் சொன்னார்: வருமானம் குறையக் குறைய, அதில் உணவுக்குப் போகும் பங்கு கூடும் என்று. இன்றும் அது பொய்க்கவில்லை. 2022-23-இல் இந்திய அரசு எடுத்த கணக்கிலே, கிராமத்துக் குடும்பம் செலவிடும் ஒவ்வொரு ரூபாயிலும் 46 காசு உணவுக்கு. நகரத்திலே 39 காசு. அதனால்தான், "செலவைக் குறை" என்றதும் ஏழையின் கை சோற்றுப் பானைக்குப் போகிறது. வாடகை கேட்க ஆள் வருவான். வட்டி கேட்க ஆள் வருவான். "ஏனம்மா நீ உண்ணவில்லை?" என்று கேட்க எவன் வருவான்?

பிரிட்டனைப் பாருங்கள். போர்க்காலம். 1940 சனவரி 8 முதல் வெண்ணெய்க்கும் சர்க்கரைக்கும் பன்றியிறைச்சிக்கும் பங்கீடு. குடும்பத்துக்கு ஓர் அட்டை என்று தரவில்லை. ஆளுக்கொரு புத்தகம் தந்தார்கள். கருவுற்ற தாய்க்கும் பாலூட்டும் தாய்க்கும் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைக்கும் பச்சை நிறப் புத்தகம்! அதைக் காட்டினால் பாலிலே முன்னுரிமை. தாயின் பங்கு தாயின் பெயரிலே எழுதப்பட்டது! சீமான்கள் சும்மா இருந்தார்களா? பங்கீட்டுப் புத்தகம் கேட்காத உணவு விடுதிகளிலே புகுந்து விருந்துண்டார்கள். முணுமுணுப்பு எழுந்தது. 1942-இல், விடுதிச் சாப்பாடு ஐந்து ஷில்லிங்கைத் தாண்டக்கூடாது என்று ஆணை பிறந்தது. ஆடம்பர விடுதிகள் அறைக்கும் ஆட்டத்துக்கும் தனிக் கட்டணம் வைத்து ஈடுகட்டிக்கொண்டன என்பது வேறு கதை! பங்கீடு முற்றாக நீங்கியது 1954-இல்.

நம் வீட்டிலே எதை வெட்டுவது? முதலில் வட்டியை வெட்டுங்கள்! தண்டல்காரன் பத்தாயிரம் என்பான். கையிலே தருவது எட்டாயிரத்து ஐந்நூறு. நாளுக்கு நூறு ரூபாய், நூறு நாள். "ஆயிரத்து ஐந்நூறுதானே கூலி!" என்று சிரிப்பான். மறுநாளே அசல் அவனிடம் திரும்பத் தொடங்கிவிட்டதைச் சொல்லமாட்டான். ஆண்டுக் கணக்கிலே போட்டுப் பாருங்கள்: வட்டி நூறு விழுக்காட்டையும் தாண்டும்! கந்து வட்டி, மீட்டர் வட்டி, தண்டல் என்று பெயர் சொல்லியே தடுக்கும் சட்டம் 2003 முதல் தமிழ்நாட்டில் இருக்கிறது. சட்டம் ஏட்டிலே, தண்டல்காரன் வாசலிலே!

அடுத்து, விழா. நம்மவர்களுக்குக் கோபம் வரும், வரட்டும். காதணி விழாவுக்குத் தெருவடைத்து ஃபிளெக்ஸ் பலகை! அதிலே அண்ணன் சிரிக்கிறார். அச்சகத்திலே கடன் சிரிக்கிறது. அந்தப் பலகையின் விலைக்கு எத்தனை முட்டை என்று அண்ணியாரைக் கேளுங்கள், சட்டென்று சொல்வார். பீடிக்கும் மூன்றாம் வேளைத் தேநீருக்கும் மதுவுக்கும் போவது ஆணின் கையிலிருந்து. அது கணக்கு நோட்டிலே ஏறுவதேயில்லை. ஏறட்டும்! வாரத்துக்கொரு நாள் வீட்டார் அனைவரும் அமர்ந்து, அவரவர் செலவை அவரவர் வாயால் சொல்லி எழுதுங்கள். இரவுச் சோற்றை ஒரே நேரத்தில், தாயையும் உட்காரவைத்து, பங்கிட்டு உண்ணுங்கள். பானையிலே எவ்வளவு இருக்கிறது என்பது அப்போதுதான் ஆண்பிள்ளைகளுக்குத் தெரியும்.

வரும் ஞாயிறு முதல், மாலை ஏழு மணிக்கு இப்படிப்பகத்திலே மேசை போட்டு நம் இளைஞர்கள் இருவர் அமர்ந்திருப்பார்கள். தண்டல் சீட்டு வைத்திருப்போர் கொண்டு வாருங்கள். உண்மையான வட்டி என்னவென்று கணக்குப் போட்டுக் காட்டுவார்கள். வேண்டுவோர்க்கு மனுவும் எழுதித் தருவார்கள். தாய்மார்கள் தயங்காமல் வரலாம்.