பூனைப் படமும் பிழைப்புக்கு உதவும்



தோட்டப்புறத்தில் நாயோ பூனையோ கோழியோ வளர்க்காத வீடுகள் குறைவு. கைத்தொலைபேசி வந்த பிறகு, அவற்றைப் படமெடுக்கும் பிள்ளைகளும் பெருகிவிட்டார்கள். “நன்றாகத்தான் எடுக்கிறான் வாத்தியாரே, இதனால் நாலு காசு வருமா?” என்று பெற்றோர் கேட்கிறார்கள். வரும். அதற்குச் சில முறைகள் உண்டு. அவற்றை இன்று பார்ப்போம்.

இத்துறையில் பேர் பெற்றவர் அமெரிக்காவின் வால்டர் சண்டோகா. 1949ஆம் ஆண்டுக் குளிர்காலத்தில், நியூயார்க் நகரில், பனியில் தவித்த ஒரு பூனைக்குட்டியை அவர் வீட்டுக்குக் கொண்டுபோனார். அப்போது அவர் மாணவர். அதன் சேட்டைகளைப் படமெடுத்துப் போட்டிகளுக்கு அனுப்பினார். பிறகு பத்திரிகைகள் அவருடைய பூனைப் படங்களை வாங்கின. பூனைத் தீனிப் பொட்டலங்களிலும் அவை இடம்பெற்றன. 2019இல், 98ஆம் வயதில், அவர் காலமானார். பூனையின் கண் மட்டத்துக்குத் தாமும் தாழ்ந்து படமெடுப்பது அவர் வழக்கம். பூனையின் கவனத்தை ஈர்க்க அவர் மனைவி துணை நின்றார். ஆகவே இது குடும்பமாகச் செய்யத்தக்க வேலை.

“காக்கைக்கும் தன் குஞ்சு பொன்குஞ்சு” என்பார்கள். இந்தத் தொழிலின் சூட்சுமம் அதில்தான் இருக்கிறது. நம் வீட்டு நாயின் படத்துக்கு அடுத்தவர் காசு கொடுக்கமாட்டார். தம் வீட்டுப் பூனையின் படத்துக்குக் கொடுப்பார். சுங்கை பட்டாணி, கூலிம், அலோர் ஸ்டார் போன்ற பட்டணங்களில் பூனை வளர்ப்போர் ஏராளம். பிராணித் தீனிக் கடைக்காரரிடமும் கால்நடை மருத்துவரிடமும் இரண்டு நல்ல படங்களைக் கொடுத்து, சுவரில் மாட்ட அனுமதி கேளுங்கள். மலாய்க்காரர் வீட்டுக்குப் போகும்போது, நாய் படுத்த விரிப்பைக் கொண்டுபோகாதீர்கள்; பூனைக்கென்று தனி விரிப்பு இருக்கட்டும்.

கருவிக்காகக் கடன் வாங்க வேண்டாம். 2025இல் குறைந்தபட்சச் சம்பளம் மாதம் 1,700 வெள்ளி ஆனது. அதில் தவணை கட்டிக் கேமரா வாங்கினால், வருமானம் வருமுன் கடன் வந்துவிடும். முதலில் கைத்தொலைபேசியே போதும். காலை வெளிச்சத்தில், வாசற்படியில் வைத்து எடுங்கள். தமிழ்நாட்டின் மா. கிருஷ்ணன் உதிரிப் பாகங்களைச் சேர்த்து அமைத்த கேமராவால் காட்டு விலங்குகளைப் படமெடுத்தவர். 1970இல் அவர் பத்மஸ்ரீ விருது பெற்றார்.

அடுத்தது கணக்கு. பெட்ரோலுக்கு 5 வெள்ளி, படம் கழுவ 3 வெள்ளி, சட்டத்துக்கு 12 வெள்ளி என்று வைத்துக்கொள்வோம். இரண்டு மணி நேர உழைப்புக்கு, மணிக்குப் பத்தாக 20 வெள்ளி. ஆக மொத்தம் 40 வெள்ளி. தெரிந்தவர் என்று 25 வெள்ளிக்குக் கொடுத்தால், உங்கள் உழைப்புக்கு ஐந்தே வெள்ளிதான் மிஞ்சும். உழைப்புக்கும் விலை உண்டு என்பதை மறக்கக்கூடாது. இதற்கென ஒரு சிறு நோட்டுப் புத்தகம் வைத்து, வரவு செலவை எழுதி வாருங்கள்.

சட்டத்தையும் அறிந்திருக்க வேண்டும். தொடர்ந்து தொழிலாகச் செய்தால், தொடங்கிய 30 நாட்களுக்குள் எஸ்.எஸ்.எம். எனப்படும் நிறுவன ஆணையத்தில் பதிய வேண்டும். சொந்தப் பெயரில் பதிய ஆண்டுக்கு 30 வெள்ளி, கடைப் பெயரில் என்றால் 60 வெள்ளி. பதிபவருக்கு 18 வயது நிரம்பியிருக்க வேண்டும்.

இன்னொன்று. ஒருவர் கேட்டு, அவருக்காக எடுத்துக்கொடுத்த படத்தின் உரிமை, 1987ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டப்படி அவரையே சேரும். அந்தப் படத்தை விளம்பரத்துக்கோ நாட்காட்டிக்கோ நீங்களும் பயன்படுத்த விரும்பினால், அதை முன்கூட்டியே பேசி, ரசீதில் எழுதி, இருவரும் கையெழுத்திடுங்கள்.

படத்துக்காகப் பிராணியை வதைப்பதும் கூடாது. 2015ஆம் ஆண்டு விலங்கு நலச் சட்டப்படி, கொடுமை செய்தவருக்கு 20,000 முதல் 1,00,000 வெள்ளி வரை அபராதமோ, மூன்று ஆண்டு வரை சிறையோ, இரண்டுமோ கிடைக்கலாம். பூனை மிரண்டால் அன்றைக்கு நிறுத்திவிட்டு மறுநாள் போங்கள்.

தோட்ட வேலையை விட்டுவிட்டு இதில் இறங்கும்படி நான் சொல்லவில்லை. வார இறுதியில் ஒரு வீடு, இரண்டு வீடு என்று தொடங்குங்கள். ஆறு மாதம் கழித்து நோட்டுப் புத்தகத்தைக் கூட்டிப் பாருங்கள். மேலே போகலாமா, பொழுதுபோக்காகவே வைத்துக்கொள்ளலாமா என்பதை அந்தக் கணக்கே சொல்லிவிடும்.