என்பும் நாடியும்

மட்டக்களப்பிலிருந்து திருகோணமலை செல்லும் நெடுஞ்சாலை, வாகரையை அடையுமுன் பனிச்சங்கேணிக் களப்பைப் பாலத்தின்மேற் கடக்கின்றது. அக்களப்பில் இறால் பிடித்து வாழ்ந்தவர் எழுபது கடந்த என் பெரியப்பா. ஒருநாள் தோணிக்குள் கால் வழுக்கி, இருந்தபடியே விழுந்தார். முதுகுவலி ஒரு மாதமாகியும் தீரவில்லை. "வயது போனால் முதுகு நோகாதா, தம்பி?" என்று எண்ணெய் பூசிக்கொண்டார். அவர் உயரம் குறைந்ததைக் கண்டுபிடித்தவர் பெரியம்மா. வழக்கம்போல் உடுத்த சாரத்தின் விளிம்பு நிலத்தில் இழுபட்டதாம்.

எக்ஸ் கதிர்ப் படத்தில் ஒரு முள்ளென்பு நசிந்திருந்தது. அதற்கு முன்னே செல்லும் பெருநாடியின் சுவரிலோ சுண்ணம் படிந்த வெள்ளைக் கோடு! வேண்டிய இடத்தில் குறைவு, வேண்டாத இடத்தில் படிவு. ஆனால், குருதியிலே கல்சியம் சரியான அளவில் இருந்தது. "அப்படியென்றால் எனக்கு என்னதான் குறை?" என்றார் பெரியப்பா. நியாயமான கேள்வி.

நம் உடலிலுள்ள கல்சியத்தில் நூற்றுக்கு 99 பங்கு என்பிலும் பல்லிலும் உள்ளது. குருதியில் இருப்பது மிகச் சிறிதே. எனினும் இதயமும் தசைகளும் இயங்க, அந்தச் சிறிதளவு மாறாமல் நிற்றல் வேண்டும். அது குறையத் தொடங்கினால், கழுத்திலுள்ள பராதைரொயிட் சுரப்பிகள் ஓமோனைச் சுரந்து, என்பிலிருந்து எடுத்து ஈடுசெய்கின்றன. அடுக்களைப் பானையில் அரிசி குறையாதிருப்பதைப் பார்த்து, நெற்பட்டறையும் நிறைந்திருக்கின்றது என்று சொல்லலாமா?

ஆதலால் வைத்தியர் வேறு குறிகளையும் தேடுகின்றார். பராதைரொயிட் ஓமோன், விற்றமின் டி, சிறுநீரகத்தின் நிலை, ஆண்களாயின் ரெஸ்ரொஸ்தெரோன் ஆகியவை பட்டறை ஏன் குறைகின்றது என்பதைக் காட்டக்கூடும். என்பு கரையும்போது குருதியில் கலக்கும் துணுக்கு சி.ரி.எக்ஸ். எனப்படும், தொடங்கிய மருந்து வேலை செய்கின்றதா என்றறிய அது பெரிதும் உதவும்.

நாடியின் கதை இன்னும் சிக்கலானது. நாடிச் சுவரில் சுண்ணம் படியாமல் தடுக்கும் புரதமொன்று உண்டு, எம்.ஜி.பி. என்பது அதன் சுருக்கப் பெயர். அப்புரதம் இல்லாது பிறந்த சுண்டெலிகள், நாடிகள் சுண்ணமாகி வெடித்து, இரண்டு மாதத்துக்குள் இறந்தன என 1997இல் ஆய்வாளர் அறிவித்தனர். இப்புரதம் தொழிற்பட விற்றமின் கே வேண்டும். விற்றமின் குறைந்தால், தொழிற்படாத எம்.ஜி.பி. குருதியில் மிகும்.

அவ்வாறாயின் விற்றமின் கே கொடுத்தாற் போதுமே என்று தோன்றும். டென்மார்க்கிலே, இதய வால்வில் சுண்ணம் படிந்த 365 முதிய ஆண்களைக் கொண்டு அதனைச் சோதித்தனர். ஒரு பகுதியினருக்கு இரண்டாண்டு விற்றமின் கே2உம் டியும் கொடுக்கப்பட்டன. 2022இல் முடிவு வெளிவந்தது. குருதியிலிருந்த குறி நன்றாகவே இறங்கியது. வால்விற் படியும் சுண்ணமோ குறிப்பிடத்தக்க அளவு தடைப்படவில்லை. குறி திருந்துவது வேறு, நோய் திருந்துவது வேறு. இதை மருந்து விற்போர் எடுத்துச் சொல்வதில்லை.

என்புத் தேய்வு பெண்களுக்கே உரியது என்பது நம்மூர் எண்ணம். உலகில் இடுப்பென்பு முறிவோரில் ஏறக்குறைய மூன்றிலொருவர் ஆண். முறிவுக்குப் பின் ஓராண்டுக்குள் இறப்போர் விகிதமும் ஆண்களிடையேதான் அதிகம். ஆகவே, நின்ற நிலையில் விழுந்து என்பு முறிந்த முதியவர், கட்டுப் போட்டதோடு நின்றுவிடாமல் காரணத்தையும் கேட்டறிய வேண்டும். கடையிற் கல்சிய மாத்திரையைத் தாமே வாங்கி விழுங்குவது, சிறுநீரக நோயுள்ளவருக்குச் சிறப்பாகத் தீங்கு தரலாம். நெத்தலி, தயிர், குரக்கன், முருங்கையிலை இவற்றையும் மறக்கலாகாது. குருதி உறையாதிருக்க வாபரின் உட்கொள்வோர் மட்டும், இலைக்கறியின் அளவைத் திடீரென மாற்றாது வைத்தியரிடம் கேட்டுக்கொள்க.

பெரியப்பாவுக்கு விற்றமின் டி மிகக் குறைந்தும், பராதைரொயிட் ஓமோன் கூடியும் இருந்தன. மருந்து தொடங்கியாயிற்று. சி.ரி.எக்ஸ். பார்க்கும் குருதியைக் காலையில் வெறும் வயிற்றிலே கொடுக்கவேண்டும். உண்டபின் அதன் அளவு இறங்கிவிடும். பனிச்சங்கேணியிலிருந்து விடியற்காலைப் பேருந்தில் மட்டக்களப்புக்குப் புறப்படுகிறவருக்குத் தேநீரின்றிப் போவது பெரும்பாடு. பெரியப்பா முதல்முறை வழியிற் குடித்துவிட்டார். மறுவாரம் மீண்டும் போகவேண்டி வந்தது.